பழைய வீட்டுக் கணினியில் வைரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் வீட்டு சிஸ்டம் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் சொல்வதும் ஒன்றுதான்: "வைரஸ் வந்திருச்சு போல." போய்ப் பார்த்தால் பல நேரம் வைரஸே இருக்காது. இருக்கிற இடத்திலோ, அதை எடுக்கிறேன் என்று வீட்டுக்காரர் செய்த வேலைதான் வைரஸைவிடப் பெரிய சேதமாக இருக்கும். எட்டு, பத்து வருடம் ஓடிய, விண்டோஸ் 7 அல்லது 10 போட்ட கணினிகளை மனத்தில் வைத்து, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

சிஸ்டம் ஆமை மாதிரி நகர்கிறது. வைரஸ்தானே?

பெரும்பாலும் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கையும் 2 ஜிபி ரேமையும் வைத்துக்கொண்டு குரோமில் பத்து டேப் திறந்தால் எந்த சிஸ்டமும் திணறத்தான் செய்யும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வேறு எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் அதைப் பாருங்கள். விண்டோஸ் 10-இல் 'டிஸ்க்' என்ற இடம் 100 சதவீதத்திலேயே நின்றால், பின்னணியில் அப்டேட் ஓடலாம். மணிக்கணக்கில் அப்படியே நின்றால் டிஸ்க்கே தளர்ந்துபோயிருக்கலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் டிஸ்க்கின் உடல்நிலை தெரியும். அதில் மஞ்சளோ சிவப்போ வந்தால் வைரஸை மறந்துவிட்டு முதலில் போட்டோக்களை வெளியே எடுங்கள். ஃபேனில் தூசி அடைத்து, சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே சில சிஸ்டங்கள் உயிர் பெற்றுவிடும்.

நான் சந்தேகப்படும் அறிகுறிகள் வேறு. ஆன்டிவைரஸ் தானாக அணைந்து, போட்டாலும் நிற்காமல் போவது. பிரவுசரின் முதல் பக்கம் மாறி, மாற்றினாலும் பழையபடி திரும்பி வருவது. நீங்கள் அனுப்பாத மெயில் நண்பர்களுக்குப் போவது. இன்னொன்று வேடிக்கையானது: சும்மா இருக்கும்போது ஃபேன் இரைகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் சட்டென்று அடங்குகிறது, மூடியதும் மறுபடி இரைகிறது. உங்கள் மின்சாரத்தில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக் கொடுக்கும் நிரல்களில் சில, பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இப்படிப் பதுங்கும்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று வருகிறது. இது வைரஸ்தானே?

கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். எதிர் வீட்டு மாமா இதே புகாரோடு இரண்டு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அவருடைய கணினியில் அன்றைய தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே தருவார்கள். அது தீர்ந்துபோனால் மெயின் சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் கணினிக்குத் தேதி மறந்துவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் நாளைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிரவுசர், எல்லாவற்றையும் போலி என்று தள்ளும். ஆன்டிவைரஸ் அப்டேட்டும் இதே காரணத்தால் தடுமாறலாம். இரண்டு டீ, ஒரு வடைக்கு ஆகிற செலவில் மாமாவின் வைரஸ் போயிற்று.

மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்' என்று அடிக்கடி பெட்டி வருகிறதே?

அந்தப் பெட்டியில் சின்ன எழுத்தில் ஏதாவது இணையதளப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது விளம்பரம். படமோ பாட்டோ தேடிப் போன ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?' என்று கேட்டபோது யாரோ 'அலோ' கொடுத்திருக்கிறார்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்கினால் தொல்லை அதோடு தீர்ந்தது. பெட்டியை மட்டும் சொடுக்காதீர்கள்.

திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, கூடவே ஒரு குரல், 'மைக்ரோசாஃப்ட் உதவி எண்ணை அழையுங்கள்' என்கிறது.

மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்காது. எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரையிலிருந்து வெளியே வரலாம்; பிறகு டேப்பை மூடுங்கள். மூட முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்திவிட்டு, மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளைப் போட்டுக் கணினியைக் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. உடனே இணையத்தைத் துண்டியுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

சரி, உண்மையிலேயே வைரஸ் என்றுதான் தோன்றுகிறது. முதலில் என்ன செய்வது?

வைஃபையை அணையுங்கள் அல்லது நெட் ஒயரைப் பிடுங்குங்கள். வேறு எந்த பென்டிரைவையும் செருகாதீர்கள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். போனிலிருந்துதான் மாற்ற வேண்டும். அந்தக் கணினியிலேயே மாற்றினால், தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் திருடனிடம் புதுச் சாவியையும் கொடுத்த மாதிரி. மெயில் கணக்கில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுத்துவிடுங்கள். இன்றைய திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டோடு நிற்பதில்லை. லாகின் ஆகியிருக்கும் நிலையையே பிரவுசரிலிருந்து பெயர்த்துக்கொண்டு போகின்றன.

முதலில் ஸ்கேனா, பேக்கப்பா?

புதுக் கணினி என்றால் ஸ்கேன் என்பேன். பழைய கணினிக்கு பேக்கப். முழு ஸ்கேன் என்பது டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் படிக்கிற வேலை. தள்ளாடும் டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே படுத்துவிடலாம். வைரஸ் போன கணினி மிஞ்சும், கல்யாண போட்டோ மிஞ்சாது.

எடுக்க வேண்டியது போட்டோ, வீடியோ, எழுதிய கோப்புகள் மட்டும். இன்ஸ்டால் செய்யும் ஃபைல்கள், கேம்கள், க்ராக் (காசு கொடுக்காமல் மென்பொருளின் பூட்டை உடைக்கும் நிரல்) எதையும் எடுக்காதீர்கள். வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது அவற்றில்தான்.

நல்ல வழி ஒன்று இருக்கிறது. வேறொரு சுத்தமான கணினியில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் பழைய கணினியை பூட் செய்யுங்கள், அதாவது தொடங்குங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடும். விண்டோஸே எழுந்திருக்காததால் அதன் வைரஸும் தூங்கும். நீங்கள் நிதானமாக உங்கள் ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம்.

ஒரு விதிவிலக்கு: கண்ணெதிரே ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு நிரல் அவற்றைப் பூட்டிக்கொண்டிருக்கலாம்; யோசிக்காமல் பவரை அணையுங்கள்.

எந்த ஆன்டிவைரஸ் போடுவது?

விண்டோஸ் 10 என்றால் கூடவே வரும் டிஃபெண்டர் போதும். பலருக்கு இதில் நம்பிக்கை வருவதில்லை, இலவசமாகக் கிடைத்தால் மட்டம் என்ற நினைப்பு. பல வீடுகளில் சிக்கல் வேறு இடத்தில். கணினி வாங்கும்போது கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ் காலாவதியாகி, தானும் வேலை செய்யாமல் டிஃபெண்டரையும் ஒதுக்கி வைத்திருக்கும். முதலில் அதை நீக்குங்கள். டிஃபெண்டரை அப்டேட் செய்து ஒரு முழு ஸ்கேன் ஓட்டுங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் தொடங்கினால் காலையில் முடிந்திருக்கும்.

அதன் பிறகு 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதையும் கொடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் என்ற இடத்தில், ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். ஓடும் வைரஸ் தன்னை மறைத்துக்கொள்ளத் தெரிந்தது. ஓடத் தொடங்காத வைரஸ் வெறும் ஃபைல்தான். கால் மணி நேர வேலை. இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பில் ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு அதை நீக்கிவிடலாம்.

விண்டோஸ் 7-இல் இருக்கும் டிஃபெண்டர் பெயரில் மட்டும்தான் அதே; உளவு நிரல்களைத் தேடுமே தவிர முழு ஆன்டிவைரஸ் அல்ல. அதற்கு வெளியிலிருந்துதான் ஒன்று வேண்டும், உங்கள் பதிப்புக்கு இன்னும் அப்டேட் தருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கக் கருவிகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தரும் கே7 சென்னை நிறுவனம் என்பது பலருக்குத் தெரியாது.

எதைப் போட்டாலும் ஒன்றுதான். இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே வீட்டில் இரண்டு காவல்காரர்கள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு திருடனை விட்டுவிடுவார்கள். பழைய ரேமில் அந்தச் சண்டைக்கு இடமும் இல்லை.

ஆன்டிவைரஸ் தளமே திறக்க மாட்டேன் என்கிறது.

இது நல்ல தடயம். 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் இதைத்தான் செய்தது: மற்ற தளங்கள் எல்லாம் திறக்கும், பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காது. அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய்ப் பாருங்கள். விண்டோஸ் 7-இல் கணினி எழும்போதே எஃப்8-ஐத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி எழுந்ததும் 5-ஐ அழுத்தினால் இணையத்தோடு சேஃப் மோடு வரும். அங்கேயும் முடியவில்லை என்றால், வேறு கணினியில் தயாரித்த மீட்பு பென்டிரைவிலிருந்து பூட் செய்து ஸ்கேன் செய்ய வேண்டியதுதான்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. ஃபைல்கள் போய்விட்டனவா?

போகவில்லை. நம் ஊரில் அதிகம் பார்க்கும் வைரஸ் இதுதான், அதிகம் தப்பாகக் கையாளப்படுவதும் இதுதான். பயந்துபோய் உடனே ஃபார்மட் அடித்துவிட்டு, இருந்த ஃபைலையும் இழப்பார்கள்.

நடப்பது இதுதான். வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒன்றிரண்டு கேபி அளவுள்ள ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. இன்னொரு வகை, எல்லாவற்றையும் பெயரே இல்லாத மறைந்த ஃபோல்டர் ஒன்றுக்குள் தள்ளிவிட்டு, வெளியே பென்டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட்டை மட்டும் விடும். சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். 'ஃபைல் திறக்கிறதே, பரவாயில்லை' என்று நாலு கணினியில் செருகிவிடுவோம். 1986-இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' என்ற வைரஸ் ஃபிளாப்பி வழியாக ஊர் சுற்றியது. ஃபிளாப்பி போய் பென்டிரைவ் வந்தும் பயண முறை மாறவில்லை.

முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள், பென்டிரைவை அல்ல. கணினியில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவை எத்தனை முறை துடைத்தாலும் சில விநாடிகளில் ஷார்ட்கட் திரும்ப முளைக்கும். இந்த வகையில் பல, விண்டோஸின் 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்ற நிரலைப் பிடித்துத் தொங்குபவை. டாஸ்க் மேனேஜரில் அந்தப் பெயர் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். பிறகு ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். விண்டோஸ் 10-இல் அங்கேயே ஒரு டேப், விண்டோஸ் 7-இல் எம்எஸ்கான்ஃபிக். அதில் உளறல் மாதிரி எழுத்துகளோடு இருக்கும் பெயரை முடக்கிவிட்டு, முழு ஸ்கேன் கொடுங்கள்.

இப்போது பென்டிரைவ். ஷார்ட்கட்டைச் சொடுக்காமல், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை' என்பதில் உள்ள டிக்கையும் எடுங்கள். இந்த இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வைரஸ் ஃபோல்டர்களுக்கு சிஸ்டம் முத்திரையும் குத்தியிருக்கும். மங்கலாக உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். உள்ளே போய் உங்களுடைய ஃபைல்களை மட்டும் கணினிக்கு நகல் எடுத்துவிட்டு, அப்புறம் பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு நாளைக்கு நூறு பேர் பென்டிரைவ் அவர் கணினியில் ஏறி இறங்குகிறது. பிரிண்ட் எடுக்க ஃபைலை மெயிலில் அனுப்பிவிட்டால் போதும்.

ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, எதுவும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது.

இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் நிரல். வைரஸை நீக்கிவிடலாம், ஆனால் நீக்கினால் பூட்டு திறக்காது. வீட்டுக் கணினிகளைத் தாக்குவதில் 'ஸ்டாப்' என்ற குடும்பம் பேர் போனது. அது பெரும்பாலும் வந்தது க்ராக் செய்த மென்பொருளோடுதான்.

பூட்டிய ஃபைல்களை அழிக்காதீர்கள். அவற்றையும் அந்தக் குறிப்பையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், எந்த வகை என்று கண்டுபிடித்து, சாவி இருந்தால் இலவசமாகத் தருகிறார்கள். இன்று இல்லாத சாவி பின்னாளில் வெளியானதும் உண்டு. 'நாங்கள் திறந்து தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள்.

க்ராக் போட்டால் வைரஸ் வருமா? பத்து வருடமாகப் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே.

ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று க்ராக் செய்தவனே எழுதி வைத்திருக்கிறான். திருடன் வந்து நாயைக் கட்டிப்போடச் சொல்வதும், நாம் கட்டிப்போடுவதும் உலகில் வேறெங்கும் நடக்காது.

நல்ல மென்பொருளையும் ஆன்டிவைரஸ் சந்தேகப்படுவது உண்டு. தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத்தான் தமிழாக்குகின்றன; விசைகளைத் திருடும் நிரலும் இடைமறித்துத்தான் திருடுகிறது. சந்தேகம் வந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஃபைலை ஏற்றிப் பாருங்கள். பல டஜன் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்க்கும். அறுபது எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறான சந்தேகமாக இருக்கலாம். முப்பது சொன்னால் அழித்துவிடுங்கள். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், மற்றவர்கள் கையிலும் போகும்.

எப்போது ஃபார்மட்தான் வழி?

நீக்கிய வைரஸ் இரண்டாம் முறை திரும்பி வந்தால். சாலிட்டி, ராம்னிட் மாதிரி நிரல் ஃபைல்களுக்குள்ளேயே புகுந்துகொள்ளும் பெயரை ஸ்கேன் காட்டினால். வங்கிப் பணம் போயிருந்தால். இந்த மூன்றிலும் நான் சுத்தம் செய்ய முயல்வதே இல்லை.

ஆனால் ஃபார்மட் என்றால் நம் பக்கம் சி டிரைவை மட்டும் அழிப்பது. என் தம்பியின் கணினியை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து, ஓஎஸ் (விண்டோஸ்) போட்டு வாங்கி வந்தோம். ஒரே வாரத்தில் பழைய கதை. டி டிரைவில் 'சாஃப்ட்வேர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர், அதில் பத்து வருடமாகச் சேர்த்த இன்ஸ்டால் ஃபைல்கள், அத்தனையிலும் சாலிட்டி. கடையில் ஓஎஸ் போட்டதும் தம்பி முதலில் சொடுக்கியது அதில் இருந்த வீடியோ பிளேயரைத்தான். டி டிரைவிலிருந்து உங்கள் போட்டோக்களை வெளியே எடுத்துவிட்டு, டிஸ்க்கில் உள்ள எல்லாப் பகுதிகளையும் அழித்துப் போடச் சொல்லுங்கள். மென்பொருள்களை அந்தந்த நிறுவனத் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளலாம். முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10, அதே கணினியில் மறுபடி போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் 'புது' ஓஎஸ்ஸுக்குக் க்ராக் போட விடாதீர்கள்.

விண்டோஸ் 7-ஐ இன்னும் வைத்துக்கொள்ளலாமா?

இணையத்துக்கு வேண்டாம். அதற்கு அப்டேட் 2020 ஜனவரி 14-இல் நின்றது. குரோமும் 2023-இல் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. பாட்டுக் கேட்க, பிள்ளைகள் டைப்பிங் பழக என்றால் நெட் இல்லாமல் 7 ஓடட்டும். நெட் வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட், 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டி. சில வருடங்கள் தாராளமாக ஓடும். லினக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். 2011-இல் தமிழ்நாடு அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி தரத் தொடங்கியபோது, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே பல மடிக்கணினிகளில் வந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வைரஸ் முழுசாகப் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு வாரம் கழித்து, அப்டேட் செய்துவிட்டு, மறுபடி ஒரு முழு ஸ்கேன். அதோடு நான் செய்யும் ஒரு சோதனை: ஒரு காலி பென்டிரைவில் ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்து இரண்டு ஃபோல்டர் போடுங்கள், ஒவ்வொன்றிலும் உதவாத ஒரு ஃபைல். அதைப் பழைய கணினியில் செருகிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு எடுத்து, போனில் பென்டிரைவைச் செருக உதவும் ஓடிஜி ஒயரில் மாட்டி ஆண்ட்ராய்டு போனில் திறந்து பாருங்கள். விண்டோஸ் ஷார்ட்கட் அங்கே ஓடாது. இரண்டு ஃபோல்டர் மட்டும் இருந்தால் சரி, போட்டோ டிஸ்க்கைத் திரும்ப மாட்டலாம். மூன்றாவதாக நீங்கள் போடாத ஏதாவது இருந்தால், முந்தைய கேள்விக்கு முந்தைய கேள்வியைப் படியுங்கள்.